கரண்ட் போனால் எங்கே நிற்கும்

ஜூன் 2, திங்கள்

காலையிலேயே பண்டசோழநல்லூர்க்காரர் ஒருவர் மோட்டார் ஸ்டார்ட்டர் வேண்டுமென்று அவசரமாக வந்தார். புதுசு இருக்கிறது, ஆனால் சாயங்காலம்தான் தருவேன் என்றேன். ஒரு பகல் கரண்டில் போட்டு வைக்காத சாமான் என் கடையை விட்டு வெளியே போகாது. பதினாறு வருஷப் பழக்கம். முணுமுணுத்துக்கொண்டே போனவர் நாலு மணிக்குத் திரும்ப வந்து வாங்கிக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவருக்கு அது எப்போதும் கிண்டல்தான். “இட்லி அரிசியா அது, ஊற வைக்கிற?” என்பார். பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறவருக்கு எதையும் அன்றைக்கே விற்றாக வேண்டும், அவருக்கு என்ன தெரியும்.

மத்தியானம் சேதராப்பட்டுக் கம்பெனியிலிருந்து போன். முஸ்கான். டெஸ்ட் லேப் முழுக்க அந்தப் பெண் பொறுப்புதான். செல்போன் டவருக்கு ஃபில்டர் பெட்டி செய்கிறார்கள். இதுவரை என்னிடம் ஃப்யூஸ், டேப், கேபிள் டை, இவ்வளவுதான் வாங்கியிருக்கிறார்கள்.

“மேடம், ஆர்.எஃப். கோஆக்சியல் சுவிட்ச் ஆறு வேணும். கிடைக்குமா?”

“கிடைக்கும்” என்றுவிட்டேன். அது என்னவென்று போனை வைத்த பிறகுதான் யோசித்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

நேரில் போனேன். கையில் அடங்குகிற உலோகப் பெட்டி. டிவி கேபிள் சொருகுகிற மாதிரி மரை போட்ட வாய் மூன்று, மேலே கம்பி கட்டுகிற பின்கள். கம்பி வழியாகக் கரண்ட் கொடுத்தால் உள்ளே ஒரு காயில் இழுத்து, சிக்னல் போகிற வழியை இந்த வாயிலிருந்து அந்த வாய்க்கு மாற்றுகிறது. ரிலேயின் பணக்காரச் சொந்தம்.

“ஃபெயில்சேஃபா, லாட்ச்சிங்கா?” என்று கேட்டாள்.

“எதுவா இருந்தாலும் நல்லதா தருவேன்மா.”

“நல்லதுன்னு ஒரு மாடல் இல்ல மேடம்” என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பொறுமையாகச் சொன்னாள். நான் புரிந்துகொண்டபடி எழுதி வைக்கிறேன்:

ஃபெயில்சேஃப் காலிங் பெல் மாதிரி. கரண்ட் இருக்கிற வரைக்கும் அந்தப் பக்கம், எடுத்தால் ஸ்பிரிங் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். லாட்ச்சிங் சுவரில் இருக்கிற லைட் சுவிட்ச் மாதிரி. ஒரு தட்டு, ஒரு பல்ஸ் போதும், அங்கேயே உட்கார்ந்துவிடும். கரண்ட் போனாலும் நகராது. இன்னொன்று நிறைய வாய் வைத்தது. கரண்ட் இல்லையென்றால் எந்த வாயோடும் சேராமல் நடுவில் சும்மா நிற்கும். நார்மலி ஓப்பனாம். பாகூர்ப் பக்கம் ஒரு மோட்டாரிலிருந்து ஆறு வயலுக்குக் குழாய் போட்டு எல்லா கேட் வால்வையும் மூடி வைப்பார்களே, அது.

அவளுக்கு ஆறும் லாட்ச்சிங். அவர்கள் டெஸ்ட் ஆறு மணி நேரம் ஓடுமாம். நடுவில் கரண்ட் கண்ணடித்தால் சுவிட்ச் இடம் மாறி எல்லாம் வீண்.

இருபத்தேழாம் தேதி வெளியூர் கஸ்டமர் வருகிறார்கள். அதற்குள் டெஸ்ட் சாமானெல்லாம் மாட்டுகிற ராக்கில் ஆறும் ஓடினால் என்னை வெண்டர் லிஸ்ட்டில் சேர்ப்பார்கள். பெங்களூர்க்காரன் பன்னிரண்டு வாரம் கேட்டிருக்கிறான்.

வெண்டர் லிஸ்ட். கேபிள் டை விற்கிறவளாகவே இருந்துவிட எனக்கு ஆசையில்லை.

ஜூன் 5, வியாழன்

சென்னை டீலர் சேவியரிடம் ஆறு இருக்கிறது, இருபத்துநாலு வோல்ட். ஆனால் செல்ஃப் கட்-ஆஃப் இல்லாதது. அதாவது, இடம் மாறி முடிந்ததும் தன் காயிலுக்குப் போகிற கரண்டைத் தானே வெட்டிக்கொள்ளும் வசதி கிடையாது. அது வைத்தது வேண்டுமென்றால் எட்டு வாரம்.

முஸ்கானைக் கேட்டேன். “பரவால்ல மேடம். சுவிட்ச்சுக்குக் கரண்ட் குடுக்குற எங்க டிரைவர் கார்டு சின்னப் பல்ஸ்தான் குடுக்கும். எங்க நிக்குதுன்னு காட்டுற இண்டிகேட்டர் மட்டும் கண்டிப்பா வேணும்” என்றாள்.

அதுவும் நியாயம்தான். லைட் சுவிட்ச் என்றால் கண்ணால் பார்க்கலாம். பெட்டிக்குள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

ஆர்டர் போட்டாச்சு.

ஜூன் 9, திங்கள்

வெயில். மூன்று ஃபேன், ஒரு ஸ்டெபிலைசர். வேறு விசேஷமில்லை.

ஜூன் 12, வியாழன்

வந்துவிட்டது. என்ன பேக்கிங். ஒவ்வொன்றும் நகைப் பெட்டி மாதிரி.

மேஜை மேல் பவர் சப்ளையை வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். டக். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே வாங்கின விலை மறந்துபோகிறது. பிறகு வழக்கம்போல ஊறப் போட்டேன். சப்ளை நாலைத்தான் தாங்கும் என்பதால் முதலில் நாலு, மீதி ரெண்டையும் மறுநாள் போடலாம் என்று வைத்தேன். கடையில் வேலை பார்க்கிற வீரமணி மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டு பின்னால் இருந்தான். நான் பாகூருக்கு டெலிவரி கொடுக்கப் போனேன்.

நாலு மணி நேரம் கழித்து வந்தால் வாசலிலேயே நிற்கிறான்.

“அக்கா, இன்னா வச்சிட்டுப் போன? காயில் வெந்த வாசன வருது. நான் நம்ம மோட்டார்தான்னு நெனச்சி அதப் போயி மோந்துனு இருக்கேன்.”

நாலும் கை வைக்க முடியாத சூடு. ஆற வைத்துத் தட்டினேன். பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு காயில், அதில் ஒன்று நாலிலும் போய்விட்டது.

பல்ஸ். பல்ஸ் என்று அவள் எத்தனை தடவை சொன்னாள்? நானே என் கையால் எழுதியிருக்கிறேனே, மேலே, மூன்றாம் தேதியில். ஒரு தட்டு போதும் என்று. தட்டிவிட்டு எடுக்க வேண்டிய கரண்டை நாலு மணி நேரம் விட்டு வைத்தால் அது என்ன செய்யும், பாவம். தானே வெட்டிக்கொள்ளவும் அதற்கு வழியில்லை. உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்திலும் எழுதியிருக்கிறது. காகிதத்தை எப்போது நான் படித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

ஒரு கெட்ட யோசனை வந்தது, எழுதிவிடுகிறேன். வரும்போதே செத்திருந்தது என்று சேவியர் தலையில் கட்டலாமா? பெட்டி பளபளவென்றுதான் இருக்கிறது.

இவரிடம் சொன்னேன். மோர்சாதத்திலிருந்து நிமிராமலே, “அவன் மோந்து பாக்க மாட்டானா?” என்றார்.

பார்ப்பான். நானாக இருந்தால் முதலில் அதைத்தான் செய்வேன்.

சேவியரிடம் உள்ளபடி சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். “மேடம், லாட்ச்சிங்கை நாலு மணி நேரம் வேக வச்ச மொத ஆள் நீங்கதான்.” வேறு லாட்ச்சிங் கையில் இல்லை. ஃபெயில்சேஃப் நாலு இருக்கிறது, அதே இருபத்துநாலு வோல்ட், டி.டி.எல். உள்ளேயே வைத்தது, இண்டிகேட்டரும் உண்டு. கம்ப்யூட்டரிலிருந்து வருகிற சின்ன அஞ்சு வோல்ட்டே அதற்கு உத்தரவு. பெரிய கரண்டை அது தானே சப்ளையிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

காலிங் பெல் எனக்கு எதற்கு, அவள் கேட்டது லைட் சுவிட்ச்.

ஜூன் 14, சனி

முஸ்கானிடம் போய்ச் சொல்லாமல் முடியாது. சொன்னேன். அவள் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் பதிமூணு நாள் மேடம். எங்க எம்.டி.கிட்ட லோக்கல்லயே வாங்கிடலாம்னு சண்ட போட்டது நான்.”

அப்படி ஒரு சண்டை நடந்தது எனக்கு இப்போதுதான் தெரியும். என் பெயரை விட அவள் பெயர்தான் அதிகம் கெடப் போகிறது. 

“ராக்க ஒரு தடவ காட்டும்மா” என்றேன்.

ஆளுயர இரும்பு அலமாரி. ஆறு இடம். எது எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ரெண்டு சுவிட்ச், அளக்கிற மிஷினுக்குப் போகிற வழி. மீதி நாலும் நாலு ஆம்ப்ளிஃபயரின் வாயில் உட்கார்கிறது. ஒரு பக்கம் டெஸ்டில் இருக்கிற பெட்டி. இன்னொரு பக்கம் டம்மி லோடு, வருகிற பவரையெல்லாம் சும்மா விழுங்கிக்கொள்கிற கட்டை.

“இந்த நாலு, கரண்ட் போயிட்டு வந்தா எங்க நிக்கும்?”

“லாட்ச்சிங் இல்ல? பெட்டி பக்கமே நிக்கும்.”

“அந்த நேரம் பெட்டிய கழட்டி வச்சிருந்தா?”

பேனா நின்றது.

“எங்க ஆளுங்க மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்கே” என்றேன், “கரண்ட் போனா தானா விழுந்துடும். திரும்ப வந்தாலும் தானா ஓடாது. ஆளு வந்து அமுக்குனாத்தான் ஓடும். இல்லாட்டி யாரோ கெணத்துல எறங்கி ஃபுட்வால்வ கழட்டிகினு இருக்க சொல்ல மோட்டார் எடுத்துக்கும். உனக்கும் ஆம்ப்ளிஃபயர் தானா எடுத்துக்குமே.”

“போன வருஷம் ஒண்ணு அப்படித்தான் போச்சு” என்றாள் மெதுவாக. “வாய் காலியா இருந்துச்சு, போன பவர் அப்படியே திரும்பி அடிச்சிடுச்சு. ஆம்ப்ளிஃபயர்ல கோளாறுன்னு எழுதி மூடிட்டோம்.”

“அப்ப இந்த நாலும் விழுறதா இருக்கணும். லோடு பக்கம்.”

என்னை நேராகப் பார்த்தாள். “ஃபெயில்சேஃப் ஸ்டாக் இருக்குங்கறதுக்காக சொல்றீங்களா மேடம்?”

“ஆமா, அதுக்குத்தான் சொல்றேன். சொல்றது சரியா, தப்பா, அத மட்டும் சொல்லு.”

அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து சிரித்தாள். பழைய ராக்கில் ஆறும் லாட்ச்சிங் என்று இருந்ததை அப்படியே பார்த்து எழுதினார்களாம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. டெஸ்ட் வீணாகாமல் இருக்க அளக்கிற வழியில் இருக்கிற ரெண்டு நகராமல் நின்றாலே போதுமாம். திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்றாள்.

ஜூன் 16, திங்கள்

சரி என்றுவிட்டாள்!

ஜூன் 19, வியாழன்

நாலும் வந்தது. இந்தத் தடவை காகிதத்தை முதலில் படித்தேன், ரெண்டு தடவை. தொடர்ந்து கரண்டில் இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. இருக்காமல் எப்படி? பிடித்து வைத்திருக்கிற வரைக்கும்தானே அது அந்தப் பக்கம் நிற்கும்.

ஒரு பகல் ஊறப் போட்டேன். வீரமணி அரை மணிக்கு ஒரு தடவை வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனான். “சூடு வருதுக்கா, வாசன வரல.” சாயங்காலம் சப்ளையை அணைத்தேன். நாலும் ஒரே நேரத்தில் டக்கென்று பழைய இடத்துக்கு வந்தன. மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரி.

மீதி இருந்த ரெண்டு லாட்ச்சிங்கைப் பேருக்கு ஒரு தட்டு தட்டிவிட்டுப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். ஊற வைக்காமல் என் கடையை விட்டுப் போகிற முதல் சாமான். கை என்னவோ கூசுகிறது.

வெந்த நாலின் நஷ்டம் என்னுடையதுதான். இவர் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் இட்லிக்கு அரிசி ஊறப் போடும்போது மட்டும், “எத்தினி வோல்ட்?” என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

ராக்கில் மாட்டியாச்சு. முதல் நாள் நாலு ஃபெயில்சேஃபும் இழுத்த வேகத்தில் திரும்பிவிட்டன. எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் கம்ப்யூட்டர் பழைய பழக்கத்தில் அதற்கும் பல்ஸ் கொடுத்திருக்கிறது. எனக்கு ஒரே சந்தோஷம். தட்டிவிட்டு எடுக்க வேண்டியதை நான் பிடித்து வைத்தேன், பிடித்து வைக்க வேண்டியதை அவர்கள் தட்டிவிட்டு எடுத்திருக்கிறார்கள். சொன்னேன். “ரொம்ப சந்தோஷப்படாதீங்க மேடம்” என்றாள், அவளும் சிரித்துக்கொண்டுதான். அரை நாளில் புரோகிராமை மாற்றிவிட்டாள்.

கூடவே இன்னொன்றும் சேர்த்தாள். சுவிட்ச் விழுந்துவிட்டது என்று இண்டிகேட்டர் சொன்னால், ஆள் வந்து பட்டனை அமுக்குகிற வரைக்கும் கம்ப்யூட்டர் திரும்ப உத்தரவு கொடுக்காது. ஸ்டார்ட்டரேதான்.

ஜூன் 27, வெள்ளி

கடையில் உட்கார முடியவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு ரெண்டு தடவை பாக்கி கொடுக்கப் போனேன், வீரமணி தடுத்தான்.

மூன்றரைக்கு போன்.

“மேடம், ரெண்டு மணி வாக்குல கரண்ட் போயிட்டு வந்துச்சு. கஸ்டமர் ராக் முன்னாடியே நிக்கிறாங்க.”

“ஐயோ.”

“நாலு ஆம்ப்ளிஃபயரும் லோடுக்குப் போயிடுச்சு. அளக்குற ரெண்டும் இருந்த எடத்துலயே நின்னுச்சு. பட்டன அமுக்கி, விட்ட எடத்துலேருந்து ஓட்டினோம். அவுங்கள்ல ஒருத்தர், இத வேணும்னே செஞ்சு காட்டுனீங்களான்னு கேட்டாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“ஆமான்னு சொல்லிட்டேன்.”

இந்தப் பெண் வியாபாரத்துக்கு வந்திருக்க வேண்டியவள்.

ஜூலை 1, செவ்வாய்

மழை. கடையில் ஈ கூட இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன், நாற்காலியிலேயே.

ஜூலை 9, புதன்

வெண்டர் நம்பர் மெயிலில் வந்தது. அதோடு ஒரு என்கொயரியும். அடுத்த ராக் போடுகிறார்கள், பதினெட்டு சுவிட்ச். வோல்ட் எழுதியிருக்கிறாள், எத்தனை வாய் என்று எழுதியிருக்கிறாள், டி.டி.எல்., இண்டிகேட்டர், கட்-ஆஃப் எல்லாம் வரிசையாக டிக் போட்டிருக்கிறாள். ஃபெயில்சேஃபா, லாட்ச்சிங்கா என்று எழுத வேண்டிய மோடு கட்டம் மட்டும் பதினெட்டு வரியிலும் காலி.

விட்டுப்போயிற்றோ என்று போன் போட்டேன்.

“இல்லக்கா, நாந்தான் விட்டு வச்சேன். ராக்கப் பாத்துட்டு நீங்க எழுதுங்க.”

நாளை காலை பத்து மணிக்குச் சேதராப்பட்டு. கடையை வீரமணி பார்த்துக்கொள்வான்.