மூன்று மாடி ஏறிய சேலை

இன்று காலை திருப்பதிக்கு வெளியே உள்ள அந்த அரசுக் குடியிருப்பில் படியேறும்போது, ஈரச்சேலையின் பார் சோப்பு வாசனை அடித்தது. உடனே உன் சிரிப்புதான் காதில் கேட்டது. நீ போய்ச்சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை, அதனால் உனக்கே எழுதுகிறேன்.

ஏரிக்கரைக் குடிசைகளைக் காலி செய்து இங்கே வீடு கொடுத்தார்களே, அதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுத நாம் முதன்முதலில் வந்த நாள் நினைவிருக்கிறதா? கீழ்த்தளத்தில் ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் பச்சைச் சேலை சொட்டச் சொட்டத் தொங்கியது. "ஆள் கீறாங்க, கடைக்குப் போய்க்கினு கீறாங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. முதல் மாடியில் இன்னொரு பூட்டிய கதவு. அதே பச்சை, அதே கிழிந்த ஓரம். இரண்டாம் மாடியிலும் அதுவே. நான் மூச்சு வாங்கக் குழம்பி நின்றேன். நீ சொன்னாய்: "இன்னாமே, இந்தச் சேலை நம்பள முந்திக்கினு ஏறுது!"

மூன்றாம் மாடியில் கையும் சேலையுமாக அந்தப் பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்தோம். பூட்டிய வீடு என்று நாம் எழுதிவிட்டால் அக்கம்பக்கத்துக்காரிகளின் வீடு பறிபோய்விடுமே என்று, துவைத்த சேலையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படி வழியாக ஓடியிருக்கிறாள். பாவம், முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

நீ அவளைத் திட்டவில்லை. படியில் உட்கார்ந்து, "அத்த ஒரு எடத்துல காயவுடு. இவங்கல்லாம் ராத்திரி எங்க படுக்கறாங்க, அத்தச் சொல்லு" என்றாய். அப்போதுதான் பவானியின் பேர் வந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் ரூம் கழுவுகிறவள். வேலை முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும். மகளோடு லாட்ஜ் மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொண்டு, லீவு கிடைத்த அன்று மட்டும் வந்து தன் வீட்டைத் திறந்து பெருக்கிவிட்டுப் போவாள். "வீடு கொடுத்தாச்சு, வீட்டுக்கு வர்றதுக்கு பஸ் கொடுக்கல" என்று அறிக்கையில் போட்டே ஆகவேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். ராத்திரி பஸ் ஒன்று வந்தது. பூட்டுகளும் குறைந்தன.

இப்போது அந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திவிட்டு, பூட்டுகளை எண்ணிவர என்னை அனுப்பியிருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளை வேறு பேருக்கு மாற்றப்போகிறார்களாம். எனக்குக் கோபம் வருகிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது. புது அதிகாரிக்குத் தெலுங்கில் ஒரே பேச்சுதான்: "தாளம் உண்டே ராசெய்." பூட்டு இருந்தால் எழுதிவிடு, அவ்வளவுதான்.

பவானியின் கதவில் பூட்டு தொங்கியது. போன் போட்டேன். "அக்கா, மலைக்குப் போற கூட்டம் வந்துக்கினே கீது. இன்னிக்கி லீவு கேட்டா வேலையே பூடும்கா. வூட்டையும் வுட்டுடாதக்கா" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். என்னத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் அதிகாரியிடம், அந்த வீட்டில் ஆள் இருக்கிறாள், பஸ்தான் இல்லை என்றேன். நாளை மேலிடத்திலிருந்து வந்து பார்க்கும்போது கதவு பூட்டியிருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நான்தான் என்று சொல்லி, ஆள் குடியிருக்கிறாள் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலையும் ஒப்பந்த வேலைதான், உனக்குத் தெரியாததா? வீட்டுக்கு வந்ததிலிருந்து பவானிக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். அது அணைந்து கிடக்கிறது.

பூட்டைப் பார்த்தால் இன்றும், ராத்திரி எங்க படுக்கறாங்க என்ற உன் கேள்விதான் முதலில் என் வாயில் வருகிறது. அது என்னை விட்டுப் போகாது. ஆனால் நாம் சேர்ந்து போன நாட்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கையெழுத்து இருக்கும்; பயமும் ஆளுக்குப் பாதிதான். பவானியின் வீட்டுக்கு இன்று என் கையெழுத்து மட்டும் இருக்கிறது.