ஜீப்புக்கும் அப்பாவுக்கும் ஒரே கேன் தண்ணீர்

தெற்குக் கோபிப் பாலைவனம்,
நாதாம் திருவிழா முடிந்த மறு வாரம்

என் அருமை மகள் உயங்காவுக்கு அம்மா யாஞ்மா எழுதிக்கொள்வது. கோடை உங்களுக்கு நல்லபடியாகக் கழிகிறதா, நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமா, புசானில் மழை விட்டதா. இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுத வந்தேன், கை நின்றுவிட்டது. பொய்யை வாயால் சொல்வது போல எழுதுவது சுலபமாக இல்லை. குன்றின் மேல் ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும் என்று உனக்குத் தெரியும், நான் ஏறும்போதெல்லாம் அப்பாவும் மெதுவாகப் பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், பேச்சு அந்த நாளைத் தொட்டால் என் கையைப் பிடித்து அழுத்துகிறார். அதனால்தான் கொரியாவுக்குத் திரும்பும் நம் ஊர் டீச்சரின் மகளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இதை உட்கார்ந்துகொண்டு படி. முடிவில் அப்பா உயிரோடுதான் இருக்கிறார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பயந்து பாதியில் நிறுத்திவிடக் கூடாது.

ஜூன் கடைசியில் எல்லைப் பக்கம் ஆட்டுக்கொல்லி நோய் வந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. கால்நடை ஆஸ்பத்திரியின் வண்டி அச்சு முறிந்து கிடந்தது, தடுப்பு மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்று டாக்டரம்மா அப்பாவிடம் கேட்டார். அப்பா எந்த வேலைக்கு மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். மருந்துப் பெட்டியைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன், குலுக்கலில் அது கவிழ்ந்துவிடக் கூடாது, உள்ளே பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே குப்பிகள். விடியும் முன் கிளம்பி வெயில் ஏறும் முன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் மருந்து நகரத்திலிருந்து வந்ததே உச்சி வேளையில்தான். வெயில் தாழட்டும், சாயங்காலம் போகலாம் என்று நான் சொன்னேன். அதுவரை பனிக்கட்டி தாங்காது என்றார். அதுவும் நியாயம்தான், எல்லைப் பக்கம் எத்தனை குடும்பம் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவைத்துக் காத்திருந்தது. பெட்டியைக் கம்பளியால் சுற்றி என் காலடியில் வைத்தோம். ஜீப்பின் பக்கத் துணிகளைக் கழற்றிவிட்டோம், காற்று வரட்டும் என்று. அப்பா ஒரு துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் இரண்டு கேன் தண்ணீர், ஒரு பிளாஸ்க் நிறைய பால் தேநீர். பயணம் நல்லபடி முடியட்டும் என்று வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் பால் தெளிக்க என்னால் முடியவில்லை, நானே வண்டிக்குள் இருந்தேன். அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்றைக்குக் காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து அடித்தது. எதிர்க்காற்றைத் திட்டுகிறவர்களுக்கு இது புரியாது. வண்டி போகிற வேகத்திலேயே காற்றும் கூட வந்தால் ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்காது, எங்கள் புழுதியே எங்களை விட்டுப் பிரியாமல் கூட வந்தது. கொஞ்ச தூரத்திலேயே சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. அப்பா வண்டியைத் திருப்பி, மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தி, பானெட்டைத் திறந்துவிட்டு, எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார். முள் இறங்கியதும் மறுபடி கிளம்பினோம். இப்படியே நின்று நின்று போனோம். அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், கிழவி மாதிரி ஒவ்வொரு மேட்டிலும் உட்கார்ந்துக்குது பாரு என்று ஜீப்பைக் கேலி செய்தார். அப்புறம் வறண்ட ஆற்றுப் படுகை வந்தது. நீ சின்ன வயதில் சறுக்கி விளையாடிய இடம்தான், இப்போது முழுக்கப் பொடி மணல். முதல் கியரில் எஞ்சின் கதறியது. முள் சிவப்பைத் தொட்டதும் அப்பா ஹீட்டரைத் திறந்துவிட்டார். எஞ்சினின் சூட்டை அந்த வழியாக வெளியே இழுப்பதற்கு. இழுத்த சூடு எங்கே போகும், எங்கள் மேல்தான் கொட்டியது. வெளியே அந்த வெயில், உள்ளே காலடியில் உலை. பெட்டியை மடியில் தூக்கிவைத்து என் தேல் அங்கியால் மூடிக்கொண்டேன். அப்பாவுடைய பூட்ஸுக்கு நேராகத்தான் அந்தச் சூடு வீசியது.

படுகையைத் தாண்டி நிறுத்தியபோதுதான் தெரிந்தது, கேன் ஒன்று குலுக்கலில் மூலையில் விரிசல் விட்டு முழுக்க ஒழுகிவிட்டிருந்தது. அப்பா ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் வெகுநேரம் காத்திருந்து, துணியைப் போட்டுத் திறந்து, மிச்சக் கேனிலிருந்து பாதிக்கு மேல் ஊற்றினார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். நீங்க முதல்ல குடிங்க என்று கிண்ணத்தை நீட்டினேன். அவர் அதையும் வாங்கி ரேடியேட்டரிலேயே ஊற்றினார். “எனக்குத் தாகமில்ல யாஞ்மா, அதுக்குத்தான் தாகம்” என்றார். நான் கெஞ்சியும் வாயை நனைத்துக்கொண்டாரே தவிர விழுங்கவில்லை. இவ்வளவு வருஷம் வண்டி ஓட்டுகிற மனுஷனுக்குத் தெரியாததா என்று ஏறிக்கொண்டேன்.

மகளே, அதற்குப் பிறகு நடந்தது இதுதான். கழுத்துத் துண்டு காய்ந்து அட்டை மாதிரி ஆகிவிட்டது. அதுவரை ஆறாக வழிந்த வேர்வை நின்றுபோயிருந்ததை நான் கவனித்தேன், சூடு பழகிவிட்டது போல என்று நினைத்தேன். எவ்வளவு பைத்தியக்காரத்தனம். அவர் நாக்கு தடித்த மாதிரி பேசத் தொடங்கினார். ஆட்டை எல்லாம் கட்டிட்டியா என்று கேட்டார். உயங்கா பள்ளிக்கூடத்திலேருந்து வந்துட்டாளா என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன்பே தடத்தை விட்டு வண்டியைத் திருப்பினார், நேராக உப்பு வெளிக்கு. அங்கே பார் ஏரி, வண்டியும் நாமும் குளிக்கலாம் என்றார். அந்த வெளியில் மேல்பக்கம்தான் கெட்டி, உள்ளே சேறு. போன வண்டி வந்ததில்லை. நிறுத்துங்க நிறுத்துங்க என்று கத்தினேன், அவர் காதில் விழவில்லை. கையை நீட்டிச் சாவியைத் திருகிப் பிடுங்கினேன். என்னிடம் கை ஓங்காத மனுஷன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். கண்ணில் என்னை அடையாளம் தெரிந்த குறியே இல்லை. நான் சாவியை அங்கிக்குள் போட்டுக்கொண்டேன். அவர் கதவைத் திறந்து இறங்கினார், காலடி எடுத்து வைத்தார், அப்படியே மடங்கி விழுந்தார்.

அந்த உடம்பைத் தொட்டபோது அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டது போல இருந்தது. ஜீப்பின் நிழல் ஒரு ஆள் அகலம்தான் விழுந்திருந்தது. பெட்டியைச் சுற்றிய கம்பளியை அங்கே விரித்து, அவரைத் தோளுக்கடியில் பிடித்து இழுத்துப் போட்டேன். அங்கி, பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்றினேன். கேனில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்தேன். இதை ஊற்றிவிட்டால் ஜீப் நகராது, ஜீப் நகராவிட்டால் இங்கே யாரும் வரப்போவதில்லை. ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இவர். ஊற்றிவிட்டேன், தலையில், நெஞ்சில், தொடையில். அந்த வெயிலில் அது ஆவியாகப் பறந்தது. அவர் கண் மேலே செருகியது, கைகால் வெட்டி இழுத்தது. அப்போதுதான் என் கண் மருந்துப் பெட்டி மேல் போனது. திறந்தால் மருந்து கெட்டுவிடும் என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லியிருந்தார். அந்தப் பெட்டியில் இருந்தது எத்தனை வீட்டுச் சோறு என்று எனக்குத் தெரியும். நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். யோசித்துக்கொண்டேதான் தாழ்ப்பாளைத் திறந்தேன். பனிக்கட்டிப் பைகளைக் கழுத்தின் இரண்டு பக்கமும், அக்குளிலும், தொடை இடுக்கிலும் வைத்துவிட்டு, பெட்டி மூடியால் விசிறினேன். அவர் பெயரைச் சொல்லிச் சொல்லி விசிறினேன். குப்பிகள் மணலில் கிடந்து பளபளத்தன, அவற்றின் மேல் ஒரு துணியைக்கூடப் போடவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெட்டு நின்றது, வாந்தி எடுத்தார், முனகினார். தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தது. நிழல் நீண்டு எங்களைத் தாண்டிப் போனபோது, உருகிய பைகளைப் பல்லால் கிழித்து அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினேன், பிளாஸ்கில் இருந்த தேநீரையும் ஊற்றினேன். பால் கலந்தது, எஞ்சின் என்ன ஆகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். நான் பட்டியைச் சுற்றி ஓட்டியதைத் தவிர ஜீப்பைத் தொட்டதில்லை என்று உனக்குத் தெரியும். அவரைப் பின் இருக்கையில் சாய்த்துக் கட்டி, காற்று முகத்தில் அடிக்கிற திசையாகப் பார்த்து ஓட்டினேன், அந்தத் திசையில்தான் நமக்குப் பழக்கமான ஒச்சிரின் கெர் கூடார வீடு இருந்தது, அது எங்கள் அதிர்ஷ்டம். முள் ஏறினால் நிறுத்தினேன், இறங்கினால் கிளம்பினேன். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் திரும்பி அவர் மூச்சைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஒச்சிர் தம்பியும் ஆடுகளைப் பட்டியில் அடைத்து மருந்துக்குத்தான் காத்திருந்தான். ஓடி வந்து முதலில் பெட்டியைத்தான் பார்த்தான், அது திறந்து கிடந்தது. அப்புறம் அப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான், அவன் பெண்டாட்டி ஈரத் துணியோடு வந்தாள், மூத்த பையன் குதிரையில் போய் மேட்டிலிருந்து போன் செய்து ஆம்புலன்ஸை வரவழைத்தான். நகரத்து ஆஸ்பத்திரியில் அப்பாவைக் காப்பாற்றிவிட்டார்கள். சிறுநீரகம் தப்பியது, அதுவே பெரிசு என்றார் டாக்டர். மறு மருந்து வந்து சேருவதற்குள் ஒச்சிர் பட்டியில் பாதிக்கும் மேல் ஆடுகள் செத்துவிட்டன. அதைக் கேட்டபிறகு அவன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கூசிப்போயிருந்தேன். அவனே போன வாரம் ஒட்டகப் பால் எடுத்துக்கொண்டு வந்தான். வாசலில் நின்று, “அண்ணன் எந்திரிச்சு நடக்கிறாரா” என்றான். நடக்கிறார் என்றேன். “அப்ப சரி” என்று பாலை வைத்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் அவன் பெண்டாட்டி இதுவரை வரவில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே, அப்பா ஏன் பேச மாட்டேன்கிறார், நாதாமுக்கு நான் வரவில்லை என்று கோபமா என்று. கோபமில்லை மகளே. அவருக்குப் பேச்சு குழறுகிறது. நடக்கும்போது குடித்தவர் மாதிரி தள்ளாடுகிறார். சூடு மூளையைத் தொட்டுவிட்டது, மாதங்கள் ஆகலாம், முழுக்கச் சரியாகாமலும் போகலாம் என்கிறார்கள். நீ கேட்டால் பயந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வருவாய் என்றுதான் சொல்ல வேண்டாம் என்கிறார். ஒரு தடவை அடிவாங்கிய உடம்பை அடுத்த சூடு சுலபமாகச் சாய்த்துவிடும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவரிடம் சொன்னால் கேட்டால்தானே. மாத முடிவில் நீங்கள் வருகிறீர்கள், மாப்பிள்ளை தலைநகரில் மணலில் ஓடுகிற பெரிய வண்டி வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டு வரப்போகிறார் என்றதிலிருந்து, பாதி வழிக்கு எதிரே வந்து கூட்டிவருவேன் என்று தினமும் ஜீப்பைத் துடைக்கிறார். நான் சாவியை ஒளித்துவைத்திருக்கிறேன், தூக்கத்திலும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அதனால் இதை எழுதுகிறேன், எழுத மனசு வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். இந்தக் கோடையில் வராதே. ஏசி வண்டி என்று மாப்பிள்ளை சொல்வார், மணலில் ஏறும்போது ஏசியும் எஞ்சின் மேல்தான் சுமை, முள் ஏறினால் முதலில் அணைக்க வேண்டியது அதைத்தான், அப்புறம் குழந்தையோடு நடுவெளியில் என்ன செய்வீர்கள். கைப்பிள்ளையின் உடம்பு பெரியவர்களை விடச் சீக்கிரம் கொதிக்கும். புசானிலும் அவனைக் காருக்குள் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விட்டு இறங்காதே. பேரன் முகத்தைப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அவனுக்குத் தைத்த தொப்பியும் சிறிதாகிவிடும் போல இருக்கிறது. இருந்தாலும் முதல் உறைபனி விழட்டும், அப்போது வாருங்கள். அப்போதும் மனிதர்கள் குடிக்கிற தண்ணீரைத் தனியாக வைத்து, வண்டி செத்தாலும் அதை வண்டிக்குக் கொடுக்காதீர்கள். வழியில் மாப்பிள்ளைக்கு வேர்வை நின்றால் சண்டை போட்டாவது சாவியைப் பிடுங்கிக்கொள். வர முடியாதது உங்கள் ஆபீஸ் லீவால் என்று அப்பாவிடம் சொல், அவரால் என்று தெரிந்தால் தாங்க மாட்டார்.

அடுத்த ஞாயிறு அவரிடம் போனைக் கொடுக்கிறேன். வாங்க மறுப்பார், இருந்தாலும் காதில் வைத்துவிடுவேன். நீ அழாமல் ஊர் விஷயம் பேசு, அவசரப்படுத்தாதே, அவர் வாயிலிருந்து வரும்வரை சும்மா இரு. ஆடுகளோடு தனியாக இருக்கும்போது பேரன் பெயரைச் சொல்லிப் பழகுகிறார், நான் கூடாரத் துணிக்குப் பின்னால் நின்று கேட்டேன். சருல் என்பது அவர் வாயில் சவுல் என்றுதான் வருகிறது. நிறுத்திவிட்டு மறுபடி சொல்கிறார். ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்க்கின்றன.

மூன்று பேருக்கும் வானம் நிழல் தரட்டும், தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். குழந்தையின் உச்சியை எனக்காக ஒரு தடவை முகர்ந்துகொள். டிக்கெட்டை மாற்ற மறந்துவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா யாஞ்மா