ஏழாம் எண் எடுத்துக்கொண்ட நேரம்

என் பிரியத்துக்குரிய சூசை அண்ணனுக்கு,

நெஞ்சுவலியில் நீ போய், நாற்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. அம்மா சாப்பிடுகிறாள். குளச்சலில் இந்த வாரம் சாளை மீன் வலையில் நிறையப் படுகிறது. இதையெல்லாம் சொல்லி, சொல்ல வந்ததைத் தள்ளிப்போடுகிறேன். உனக்குத் தெரியாதா என்னை?

கடற்படைக் கப்பலில் ஒரே வேலையைச் செய்ய ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் நேரம் எப்படி மாறுகிறது என்று கணினியில் கணித்துச் சொல்வது என் உத்தியோகம். உன் கப்பலின் தீயணைப்புப் பயிற்சி நேரங்களும் என்னிடம் வந்தன. பெயர்கள் கிடையாது, எண்கள்தான். "ஏழு நான்தாம் மக்கா" என்று நீயே போனில் சிரித்தாய்.

தளத்து இரும்பு மூடியைத் தூக்க மற்றவர்களுக்கு எந்நாளும் ஏறக்குறைய ஒரே நேரம். நீ ஒருநாள் எல்லோருக்கும் முந்தினாய், மறுநாள் கடைசி. "அலை ஓஞ்சு குளிக்கப் போறியாண்ணே?" என்று கேலி செய்தேன். ஏழாம் எண்ணை நம்ப முடியாது என்று அறிக்கையில் எழுதி, உன்னைக் கணக்கிலிருந்து நீக்கினேன். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் உன்னைக் குழுவிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். "வயசாச்சுல்லா மக்கா" என்றாய். காரணம் என் அறிக்கைதான் என்று நம் இருவருக்கும் தெரியும். நான் பேச்சை மாற்றினேன்.

பூசைக்கு உன்னோடு வேலை பார்த்த முட்டத்துக்காரர் வந்திருந்தார். வலது கையில் இரண்டு விரல் இல்லை.

"கப்பலு சரியும்போ தூக்கினா மூடி திரும்பி விழும். அண்ணன் ஒரு சரிவு விட்டுத்தான் தூக்குவாரு. அவரு ஸ்டோருக்குப் போன பொறவு எங்களுக்குப் பொறுமை இல்லாம போச்சு" என்றார். என்மேல் அவருக்குக் கோபம்கூட இல்லை. அந்த அறிக்கையை எழுதியது உன் தங்கச்சிதான் என்றே அவருக்குத் தெரியாதே.

அப்பா வள்ளம் இறக்கும்போது, பெரிய அலைகளைப் போகவிட்டுத் தள்ளுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அன்றன்றைக்குக் கடல் எப்படி இருந்தது என்று என் அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை. வெட்கமாக இருக்கிறது அண்ணே. மெத்தப் படித்து இதைத்தானா மறந்தேன்?

இப்போது கடலையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். கடல் அமைதியான நாளெல்லாம் நீதான் முதல்.

திங்கட்கிழமை அதிகாரிகள் முன்னால் பேச வேண்டும். கணிப்பில் சிறு குறை என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கலாம். அப்படிச் செய்யமாட்டேன். ஏழாம் எண்ணை நீக்கியது நான், அந்த விரல்கள் போனதும் என்னால்தான் என்று சொல்வேன். அதற்குப் பிறகு முட்டத்துக்குப் போய் அவரிடமும் சொல்வேன்.

இப்படிக்கு,
ஏழாம் எண்ணின் தங்கச்சி,
ரோஸி