ஓரம் மட்டும் என்று நீ எழுதியிருந்தாய்

அன்பு மிளகுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, அந்த இருமலும் முழுக்க விட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறாளே, என்னவோ ஏதோ என்று பயப்படாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. போனில் என்றால் நீ ஒரு வார்த்தை சொல்வதற்குள் நான் பத்துக் காரணம் சொல்லிவிடுவேன், கடைசியில் நீ "சரிம்மா" என்று வைத்துவிடுவாய். இந்த முறை அந்த "சரிம்மா" வருவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும். பார்சலைப் பிரித்ததும் உன் போர்வையைப் பார்த்திருப்பாய், முடித்துக் கொடுக்கச் சொன்னதை இவள் ஏன் இப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறாள் என்று குழம்பியும் இருப்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வலது முழங்கால் மறுபடி தகராறு செய்கிறது. "ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் நான் ஓட வைக்கிறேன், என் வீட்டுக்கு மட்டும் மூணு மாடியும் படிதான்" என்று ஒவ்வொரு மாடியிலும் நின்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் மேலே வருகிறார். கல்லூரி நூலகத்தில் எனக்கு இன்னும் காலை வேலைதான், இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். சித்திக்கு எட்டாவது மாதம் முடியப்போகிறது. முப்பத்தொன்பது வயதில் முதல் பிள்ளை என்பதால் டாக்டர் கண்டிப்பாகப் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். போன வாரம் போயிருந்தேன். காலெல்லாம் வீங்கிக் கிடக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. "அக்கா, எனக்கு இனி மேசையே வேணாம், தட்ட வயித்து மேலயே வச்சுச் சாப்பிட்டுக்கிறேன்" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்து, "உதைக்குதா பாரு, உதைக்குதுதானே" என்று கேட்டாள். அவளுக்கு இன்னும் பயம் போகவில்லை. அவள் பிள்ளைக்கு நீ போர்வை தைத்திருக்கும் விஷயம் அவளுக்குத் தெரியாது. அந்த ஒன்றையாவது நீ சொன்னபடி காப்பாற்றியிருக்கிறேன்.

உன் பார்சல் வந்தபோது நான் மூன்று போர்வைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். மாமா வீட்டுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, பெரியப்பா மகளுக்கு ஒன்று. துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்து முடிக்கிற வரைக்கும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, ஓரப்பட்டி வைப்பது மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே வேலை என்பதால் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் முடிப்பது என் வழக்கம், உனக்குத் தெரியும். நடைபாதை ஜன்னலை ஒட்டித்தான் இன்னும் மெஷின் இருக்கிறது. உன் பெட்டியை அங்கேயே தரையில் உட்கார்ந்து பிரித்தேன். இளமஞ்சளும் சாம்பலுமாகச் சதுரங்கள், பின்பக்கம் வெள்ளைத் துணி, அடுக்குகளைச் சேர்த்துக் கையாலேயே ஓட்டிய பதினொரு கோடுகள். மேலே குண்டூசியில் குத்திய சீட்டு: "அம்மா, ஓரம் மட்டும் அடிச்சுக் குடு. மத்தது அப்படியே இருக்கட்டும். சித்திகிட்ட சொல்லாத." பத்து வருஷமாக ஊசியைத் தொடாத பெண், யாரோ வீடியோவில் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து, வேலைக்கும் போய்க்கொண்டு நாலு மாதமாகத் தைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தைக்குப் போன் செய்து பெருமை அடித்துக்கொண்டேன், அதையும் மறைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஓரத்தை நறுக்கிச் சமப்படுத்தலாம் என்று சாப்பாட்டு மேசையில் விரித்து ஸ்கேலை வைத்தேன். ஸ்கேலை வைத்திருக்கவே கூடாது. ஆறாவது கோடு இடப்பக்கம் ஒழுங்காகத் தொடங்கி, பாதிக்கு மேல் ஒரு விரல் அகலம் கீழே இறங்கி, கடைசியில் அவசரமாக மேலே ஏறியிருந்தது. இந்த ஒன்றை மட்டும் சரி செய்துவிடலாம், சித்தி வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்களே, பிள்ளைக்கு ஒரு பேர் வரட்டுமே என்று நினைத்தேன். தையல் பிரிக்கிற சின்னக் கத்தி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கால்மணி நேரத்தில் பிரித்து நேராக ஓட்டிவிட்டேன். ஆனால் ஒரு கோடு நேரானதும் அதற்குப் பக்கத்தில் இருந்த ஐந்தாவது கோணலாகத் தெரிந்தது. அதைச் சரி செய்ததும் ஏழாவது. அப்புறம் நாலாவது. அப்பா வேலை முடிந்து படியேறி வரும் சத்தம் கேட்டிராவிட்டால் பதினொன்றையும் முடித்திருப்பேன்.

அப்பாவுக்குத் தையலில் என்ன தெரியும் சொல். கைகால் கழுவிவிட்டு வந்து மேசைப் பக்கம் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுல நாலு கோடு போலீஸ்காரங்க அணிவகுப்பு மாதிரி நிக்குது. மத்ததெல்லாம் விசேஷ வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க மாதிரி அது பாட்டுக்கு உக்காந்திருக்கு. எது நம்ம மிளகு, எது நீ?" என்றார். "ஓரம் நேரா வரணும்னா உள்ள கோடும் நேரா இருக்கணும்ங்க" என்றேன். அது பொய், மிளகு. ஓரத்துக்கும் நடுவில் ஓடும் கோட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவர் சீட்டை எடுத்துப் படித்தார். படித்துவிட்டு, "அவ கேட்டது இது இல்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மறுநாள் நீ போன் செய்தாய். ஓரம் அடித்தாகிவிட்டதா என்று கேட்டாய், நடந்துகொண்டிருக்கிறது என்றேன். தையல் எப்படி இருக்கிறது என்று கேட்டாய், நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். நீ சிரித்துக்கொண்டு சொன்னாய்: "கோணலா இருக்கும்னு தெரியும்மா. அந்த ஆறாவது கோட்ட ரெண்டு தடவ பிரிச்சுப் பிரிச்சுத் தச்சேன். மூணாவது தடவயும் கீழ எறங்குச்சு, சரி இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். இப்ப எனக்கு அதுதாம்மா ரொம்பப் பிடிக்குது." அப்போதே சொல்லியிருக்க வேண்டும். குக்கர் சத்தம் போடுகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பு பற்ற வைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் சொல்ல வேண்டும். பிரித்த இடத்தில் உன் ஊசி போன துளைகள் அப்படியே இருந்தன, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன. என் நூலை உருவிவிட்டு அந்தத் துளைகளிலேயே திரும்ப ஓட்டிவிடலாம், உனக்குத் தெரியவே போவதில்லை என்று உட்கார்ந்தேன். என்னால் முடியவில்லை. ஒரு துளையில் விட்டு அடுத்ததைத் தேடுவதற்குள் கை தானாக நேரே போய்விடுகிறது. நீ ஓரிடத்தில் அரிசி அளவுக்குத் தைத்திருக்கிறாய், ஓரிடத்தில் அவரை விதை அளவுக்கு. கோடு இறங்குகிற இடத்தில் ஒரே இடத்தைச் சுற்றி ஏழெட்டுத் துளைகள், அங்கே எத்தனை தடவை பிரித்திருக்கிறாய் என்று எண்ணிவிடலாம். அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே பிரித்திருப்பாய். நாலு மாதம் நீ எப்படி இருந்தாய் என்று போனில் நான் கேட்டதெல்லாம் "சாப்பிட்டியா" ஒன்றுதான். அந்தக் கோட்டைப் பிரித்த பிறகுதான் அதைப் பார்த்தேன். உன் நூலைத் திரும்ப எடுக்கலாம் என்றால், சனிக்கிழமையே குப்பையில் போட்டுவிட்டேன், வண்டி வந்து எடுத்துப் போய்விட்டது. இன்னொரு வழியும் இருந்தது. பருத்தித் துணிதானே, ஒரு தடவை நனைத்துக் காயவைத்தால் துளைகள் மூடிக்கொண்டுவிடும். என் நேர்க்கோடுகள் மட்டும் மிஞ்சும், உனக்குச் சந்தேகம் வந்தாலும், தைத்து ரொம்ப நாளாச்சே, நமக்குத்தான் சரியாக நினைவில்லை என்று உன்னையே சமாதானம் செய்துகொள்வாய். வாளியில் தண்ணீர் பிடித்துக்கூட வைத்துவிட்டேன்.

அப்போதுதான் நீ எட்டாம் வகுப்பில் கண்காட்சிக்குத் தைத்த தலையணை உறை நினைவுக்கு வந்தது. சங்கிலித் தையலில் ஒரு படகு. பாய்மரம் சாய்ந்திருந்தது. நீ டியூஷனுக்குப் போயிருந்த ஒன்றரை மணி நேரத்தில் அதைப் பிரித்து நிமிர்த்தி வைத்தேன். முதல் பரிசு வந்தது. சான்றிதழை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டதற்கு, வகுப்பிலேயே மறந்து வைத்துவிட்டேன் என்றாய். நான் போய் வாங்கி வந்தேன் என்பது உனக்குத் தெரியாது. உன் டீச்சர் அதைக் கொடுக்கும்போது, "இது என்னோடது இல்ல மிஸ், எங்கம்மாவோடதுன்னு சொல்லி மேசை மேல வச்சுட்டுப் போயிட்டா. என்னம்மா விஷயம்?" என்று கேட்டார். விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாள் என்று சமாளித்துவிட்டு வந்தேன். உன்னிடம் அன்றைக்கே பேசியிருக்கலாம். சான்றிதழைப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டு உனக்குத் தோசை வார்த்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு சட்டையில் பொத்தான் அறுந்தால்கூட நீ அப்பாவிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தாய். அவர் அதைக் கம்பி கட்டுவது போலக் கட்டிக் கொடுப்பார், நீயும் அப்படியே போட்டுக்கொண்டு போவாய். ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, இந்தப் பெண்ணுக்குத் தையலில் நாட்டம் இல்லை என்று பத்து வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்காவது போர்வை கொடுக்கும்போதுகூட அவர்கள் முகத்தை நான் பார்ப்பதில்லை, மூலைகள் படிந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். உன்னையும் அப்படியே பார்த்து வளர்த்துவிட்டேனோ என்று இந்த வாரம் முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நீ திரும்ப ஊசி எடுத்ததே பெரிது, அதை என் கையில் நம்பிக் கொடுத்தது அதைவிடப் பெரிது. அதற்கு நான் செய்த மரியாதை இது.

வாளித் தண்ணீரைக் குளியலறையில் கொட்டிவிட்டேன். என் நூல் நாலு கோட்டிலும் ஒன்று விடாமல் உருவியாகிவிட்டது. அந்த இடங்களில் உன் துளைகளும் இருக்கின்றன, பக்கத்தில் என் துளைகளும் இருக்கின்றன, எது உன்னுடையது என்று உனக்குத் தெரியும். பழைய வழியிலேயே தைப்பாயோ, புதிதாகப் போவாயோ, வெறுமனே விடுவாயோ, அது உன் இஷ்டம். தைத்து முடிக்கும்வரை நனைக்காதே. ஓரத்தை நான் தொடவில்லை, ஒரு நூல்கூட நறுக்கவில்லை. சாம்பல் நிறப் பட்டியை வெட்டி, துண்டுகளைச் சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டுச் சுருட்டி வைத்திருக்கிறேன். முன்பக்கம் விளிம்போடு விளிம்பாக வைத்துத் தை, மூலைக்கு விரல்நகம் அளவு முன்னாலேயே நிறுத்திவிட்டுப் பட்டியை மேலே மடி, பிறகு கீழே மடித்து அடுத்த பக்கத்தைத் தொடங்கு. சுற்றி வந்ததும் பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங் போட்டுவிடு. முதல் மூலை சொதப்பும், எல்லோருக்கும் சொதப்பும். நிறம் பிடிக்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள். நீ வேலைக்கும் போய்க்கொண்டு, பார்சல் போகிற நாட்களையும் சேர்த்தால், பிள்ளை பிறப்பதற்குள் முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், முடியாது. நீ ஆசைப்பட்டது, சித்தி பிள்ளையோடு வீட்டுக்கு வரும் அன்றைக்கே அது தொட்டிலில் கிடக்க வேண்டும் என்று. அந்த நாளை நான் கெடுத்துவிட்டேன். மன்னிப்பு கேட்கிறேன், மிளகு. இதற்கும், அந்தப் படகுக்கும்.

கோபம் இருந்தால் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. எழுத மனம் வராவிட்டால் அப்பாவுக்காவது போன் செய், நான் பக்கத்தில் வந்து நின்று கேட்க மாட்டேன். இருமல் திரும்ப வந்தால் தள்ளிப் போடாமல் டாக்டரைப் பார். உன் கையும் கண்ணும் நன்றாக இருக்க வேண்டும், நினைத்தது எல்லாம் நடக்க வேண்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்க வேண்டும், நூறு வருஷம் நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பா தன் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

மறக்காதே: சித்தி வீட்டு முகவரியைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். முடித்ததும் இங்கே அனுப்பாதே, நேரே அவளுக்கே அனுப்பிவிடு. மற்றவர்களெல்லாம் பார்க்கும்போது நானும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா