பூவலைச் சுற்றிப் போன டயர்த் தடம்

மல்லாவி,
ஆவணி, ஞாயிறு.

டிப்பர் ஓட்டப் புளியங்குளம் போன என் அன்பு அண்ணாவுக்கு,

நலம், நீயும் நலமா என்று எழுதத்தான் தொடங்கினேன். முதல் சொல்லே பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன். போன் அடித்தால் வெட்டுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். வாசித்துவிட்டுக் கிழி.

அப்பா சுகம். அம்மாவுக்கு இடுப்பு நோ. கிணற்றில் வாளி போட்டால் தரை தட்டி 'ணங்' என்கிறது. இப்போது எங்கள் வீட்டு ரேடியோ அதுதான். கத்தரியும் நான் நட்ட மருதங்கன்றுகளும் பூவல் தண்ணீரில்தான் உயிரோடு நின்றன. ஆற்று மணலில் நானும் நீயும் ஊற்றுக் குழியாகத் தோண்டிய அதே பூவல். இந்த முறை எங்கள் ஒழுங்கை வீடுகள் முழுவதுக்கும் அதைத் துப்புரவாக்கும் பொறுப்பை நானே கேட்டு எடுத்தேன். "வாய்க்காரி, ஒரு கிழமைக்கெண்டாலும் தாங்குவியோடி?" என்று வடிவம்மா மாமி சிரித்தா. தாங்கினேன்.

மணல் அள்ளுபவர்களை விரட்ட முதலைப் பலகை கட்டியதும் நான்தான். 'இங்கு முதலை உண்டு. பசியோடு உண்டு.' படத்து முதலைக்கு எங்கள் கணக்கு வாத்தியாரின் மீசை. இரண்டு உழவு இயந்திரக்காரர் திரும்பி ஓடினார்கள். அம்மாவும் ஓடினா, அது வேறு கதை.

வியாழன் விடியப் போய்ப் பார்த்தால், ஆற்றில் மணல் போய்க் களிமண் தெரிகிறது. பலகை உடையவில்லை. அவிழ்த்து, கயிற்றை எட்டுப்போலச் சுற்றி, மருதமரத்தில் சாய்த்திருந்தது. பூவலைச் சுற்றி மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு மணலை விட்டிருந்தது. டயர்த் தடம் அதற்கு விலகி வளைந்து போயிருந்தது.

வேற்றூரான் பூவலுக்கு விலகமாட்டான் அண்ணா. கயிற்றையும் அப்படிச் சுற்றமாட்டான். "ஆருடைய டிப்பராம் பிள்ளை?" என்று அம்மா கேட்டா. "ஆரோ புளியங்குளத்து ஆக்களாம்" என்றேன்.

பூவலைத் தொடவில்லை என்று உன் மனம் ஆறியிருக்கும். பூவல் வற்றிவிட்டது. தண்ணீர் சுற்றியிருந்த மணலுக்குள் அல்லவா இருந்தது? அதை நீ ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். தேங்காய்ச் சிரட்டையை விட்டு அள்ளினால் களிதான் வருகிறது. இரண்டு மருதங்கன்று கருகிவிட்டது.

ஆற்றின் மேல் வளைவில் இன்னும் கொஞ்சம் மணல் இருக்கிறது. அங்கே புதுப் பூவல் தோண்டுகிறேன். முழங்கை ஆழத்தில் ஈரம் கண்டிருக்கிறது. உன் முதலாளி அடுத்து அங்கேதான் அனுப்புவார், உனக்கும் தெரியும். இனிப் பலகை கட்டமாட்டேன். என் முதலைக்கு நீ பயப்படமாட்டாய். நானே அந்தக் குழிக்குள் இருப்பேன். பகிடி இல்லை அண்ணா. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அம்மா உனக்குத் திருநீறு தந்தா, உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். நீ ஆற்றைக் காப்பாற்று. பகலில் வா, மண்வெட்டியோடு வா. முதல் சிரட்டைத் தண்ணீர் உனக்குத்தான்.

மீசை வைத்த முதலை,
உன் தங்கை
அனோஜா.