இக்கபோத் என்று வைக்கப் போகிறாளாம்

பெரியநாயக்கன்பாளையம்,
24.1.1991

அன்பு மகன் அருள்குமாருக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன். நீ சுகமா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பு நீ போட்ட கடிதத்தோடு சரி. சவூதியில் சண்டை மூண்டு, நீ இருக்கும் தம்மாம் பக்கம் ராக்கெட் வந்து விழுகிறது என்று பக்கத்து வீட்டு வெங்கடபதி டிவியில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார். அந்த மனுசனுக்கு வாயைக் கட்டத் தெரியாது, உன் பெண்டாட்டி லோகப்பிரியா நிறைமாத வயிறோடு நிற்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் வாசலிலிருந்தே சத்தம் போடுகிறார். நான் இரும்பு நாற்காலியைக் கேட் ஓரம் போட்டுக்கொண்டு தினமும் தபால்காரருக்காகக் காத்திருக்கிறேன். இத்தனை கனத்த உடம்பை வைத்துக்கொண்டு எதற்கு வெயிலில் காய்கிறீர்கள் என்று உன் அம்மா திட்டுகிறாள், திட்டட்டும்.

எழுத வந்த விஷயம் வேறு. பையன் பிறந்தால் இக்கபோத் என்று பெயர் வைக்கப் போகிறாளாம் லோகப்பிரியா. ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்னால் வேதம் வாசி அம்மணி என்று அவளிடம் சொன்னால், வாசித்து வாசித்து இதைத்தானா கண்டுபிடிக்க வேண்டும்? ஞாயிறு பள்ளியில் கேட்டது உனக்கு மறந்திருக்கும், சொல்கிறேன். ஏலி என்று ஓர் ஆசாரியன், கிழவன், கனத்த உடம்பு. மகன்கள் இரண்டு பேரும் சண்டைக்குப் போயிருக்க, வாசலோரம் ஆசனம் போட்டுச் சேதிக்காகக் காத்திருந்தான். மகன்கள் செத்தார்கள், கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டியும் பறிபோனது என்று ஆள் ஓடிவந்து சொன்னதும் மல்லாக்க விழுந்து கழுத்து முறிந்து போனான். நிறைமாதமாக இருந்த மருமகளுக்கு அதைக் கேட்டதுமே வலி எடுத்துவிட்டது. ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது, பயப்படாதே என்று பக்கத்திலிருந்த பெண்கள் சொல்லியும் அவள் பதில் பேசவில்லை. மகிமை போய்விட்டது என்று சொல்லிப் பிள்ளைக்கு இக்கபோத் என்று பெயரை வைத்துவிட்டு அவளும் கண்ணை மூடினாள். மகிமை இல்லை, மகிமை எங்கே என்று எபிரெயத்தில் அதற்கு அர்த்தமாம், நம் போதகர் சொன்னார். அந்தப் பிள்ளை வளர்ந்து என்ன ஆனான் என்று வேதத்தில் இல்லவே இல்லை. பிற்பாடு ஒரே ஓர் இடத்தில், அகிதூப் என்பவனுடைய சகோதரன் என்று பெயர் மட்டும் வருகிறது.

ஏன் தாயி இப்படி என்று கேட்டேன். அமைதியாகத்தான் பதில் சொன்னாள். எங்கப்பாவுக்கு முன்னால ரெண்டு பொறந்து செத்துப்போச்சுங்க மாமா, அதனால அவரைக் குப்பையில உருட்டி எடுத்துக் குப்புசாமின்னு பேரு வெச்சாங்க, இன்னிக்கும் உடுமலையில தோப்பைச் சுத்தி வாராருங்க, கெட்ட பேரை நாமளே வெச்சுப்போட்டா கெட்டது நம்மூட்டுப் பக்கம் வராதுங்க என்றாள். குப்பை வேறு, இது வேறு, இந்தப் பெயருக்குள் ஒரு வீடே செத்துக் கிடக்கிறது என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது. வேதக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று கல்யாணத்துக்குப் பிறகு அவள் வீட்டார் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, பிரசவத்துக்குப் போகத் தாய்வீடும் இல்லாத பெண். கடைசியில், அவரு கையெழுத்துல வேற பேரு எழுதி வரட்டுங்க, மாத்திக்கறேன் என்றாள். அவளுக்கு வேண்டியது பெயர் இல்லை கண்ணு, நீ உயிரோடு இருக்கிறாய் என்று காட்ட உன் கையெழுத்து வேண்டும்.

நேற்று மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கேட் ஓரம் நாற்காலி இல்லை. அந்த வயிற்றோடு அவளே இழுத்துப்போய் உள்ளே சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறாள். இங்க சாஞ்சு உக்காருங்க மாமா என்றாள். ஏலி மல்லாக்க விழுந்தது அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து ரோடு தெரிவதில்லை, கேட் சத்தம் மட்டும் கேட்கும். கேட்கும்போதெல்லாம் நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். பயமாக இருக்கிறது அருளு.

சைரன் ஊதினால் வேடிக்கை பார்க்க மொட்டை மாடிக்கு ஏறாதே, உன் புத்தி எனக்குத் தெரியும். ரொட்டியும் தண்ணீரும் எப்போதும் கைவசம் இருக்கட்டும். டாக்டரம்மா இன்னும் மூன்று வாரம் என்கிறார், அதற்குள் ஒரு நல்ல பெயரை எழுதி அனுப்பிவிடு. தந்தி மட்டும் கொடுக்காதே, நல்ல சேதியானாலும் வேண்டாம், தந்திக்காரர் வந்து நின்றாலே அவள் தாங்க மாட்டாள். கர்த்தர் உன்னைத் தம் சிறகுக்குள் மூடிக்கொள்வாராக.

உன் அப்பா,
ஞா. சத்தியநேசன்

உறையை ஒட்டுவதற்குள் கேட் சத்தம் கேட்டது. பால்காரர்தான், வேறு யாருமில்லை. ஆனால் லோகப்பிரியா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வலி என்கிறாள். வெங்கடபதி கார் கொண்டுவரப் போயிருக்கிறார். பெயரைச் சீக்கிரம் எழுது கண்ணு.