கோரைக்கு வாங்கின மருந்து

அக். 14
விடிய விடிய மழை. வாசல் புல்தரை முழுக்கத் திரும்பவும் கோரை. போன வாரம்தான் ரெண்டு பேரும் உட்கார்ந்து பிடுங்கினோம். தாள் அறுந்து வந்துடுது, கிழங்கு மண்ணுக்குள்ளேயே. ரிட்டையர் ஆனதிலிருந்து இவருக்கு இந்தப் புல்தான் ஆபீஸ். "கையால ஆகாதுடி, மருந்துதான்" என்று மந்தைவெளியில் ஒரு கடைக்குப் போனார். முழு டப்பா வேண்டாம் என்றாராம். கடைக்காரர் தண்ணி பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்திருக்கார். பேர்கூட எழுதலை.
"தனியா வைங்க."
"நான் என்ன குழந்தையா?"

அக். 15
நல்ல வெயில். காலையிலேயே மருந்து கலந்து பாதித் தரைக்கு அடித்துவிட்டார். நான் சட்னி அரைக்கிறேன். வாசலில் துப்புகிற சத்தம். ஓடினேன். படியில் இவர். கையில் அந்த பாட்டில். குடிக்கிற தண்ணி பக்கத்திலேயே, மூடிகூடத் திறக்காமல்.
"மாத்திக் குடிச்சிட்டேன்டி. கொஞ்சம் உள்ள போயிடுச்சு."

ஆட்டோ. ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. "மருந்து பேர் தெரியணும்மா. சிலதுக்கு மாத்து மருந்தே கிடையாது."

வெளியே வந்து நின்றேன். ஆட்டோக்காரர் போகாமல் வாசலிலேயே இருந்தார். "கட எங்க கீது? ஏறும்மா, அயுதுகினு நிக்காத."

கடைக்காரர் முகம் வெளுத்துப்போச்சு. "அதையா குடிச்சார்?" டப்பாவையே பிடுங்கிக்கொண்டு வந்தேன். டாக்டர் படிக்கிறாள், படிக்கிறாள். கடைசியில், "அந்த வகை இல்லம்மா. பிழைச்சிடுவார்."

அப்போதுதான் பார்த்தேன், காலில் செருப்பு இல்லை.

அக். 16
வார்டு. தொண்டை புண். பேச்சில்லை. கொண்டுவர: லுங்கி, சார்ஜர், ஃபிளாஸ்க். பூனாவிலிருந்து எங்க பொண்ணு போனில் கத்துகிறாள், "படிச்ச மனுஷன்தானேம்மா!" கண்ணை மூடினால் அந்தப் படிதான்.

அக். 18
மேகமூட்டம். வீட்டுக்கு வந்தாச்சு. மருந்து அடித்த பாதியில் கோரை லேசாப் பழுத்திருக்கு. இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சாப்பிட்டதும் தண்ணி கேட்டார். டம்ளரில் கொடுத்தேன். வாங்கி, முகர்ந்து, என்னிடமே நீட்டினார்.

"நீ முதல்ல ஒரு வாய் குடி."

குடித்தேன். நான் முழுங்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் வாங்கிக் குடித்தார்.